கேமராவுக்கு வைத்த பொட்டு

சேகர் சித்தப்பா, யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிய விஷயத்தை இன்றைக்கு எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். கோபப்படாதீர்கள். மூன்றே நாள் காய்ச்சலில் நீங்கள் போய் இருபது நாள் ஆகிறது. இனிமேல் உங்களை யாரும் திட்ட முடியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். அப்பா பல பேரிடம் கெஞ்சி அவருக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு இடம் வாங்கிக் கொடுத்தார். சித்தப்பா ஆறே மாதத்தில் அதை விட்டுவிட்டு டாலிகஞ்சில் சினிமா ஸ்டுடியோவுக்கு ஓடிவிட்டார். கேமரா அசிஸ்டென்ட் என்று சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அப்பா அவரோடு நேராகப் பேசவில்லை. எதிரிலேயே நிற்கிறவரைக் காட்டி, "அவன சாப்ட்டுட்டுப் போகச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து அத்தை போன் செய்து, பூஜா லீவுக்கு எல்லோரும் வந்தே ஆகவேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் யாரும் விமானத்தைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. திரும்பி வந்து குவார்ட்டர்ஸுக்கே காட்டுவதற்கு ஒரு வீடியோ கேமரா வேண்டும் என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"நீதானடா கேமராக்காரன். நீயே பாத்து எடு. அங்க போயி படம் புடிக்கிறதும் உன் பொறுப்பு."

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் பேசியிருக்கிறார். சித்தப்பா சந்தோஷப்படாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

துறைமுகத்துப் பக்கம் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைத்தெருவுக்கு நாலு பேரும் போனோம். கடைக்காரரை எல்லோரும் தாதா என்றார்கள், பெங்காலியில் அண்ணன் என்று அர்த்தம். தாதா மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். ஜூம் எவ்வளவு, பேட்டரி எத்தனை நேரம் என்று என்னென்னவோ சொன்னார். சித்தப்பா ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி, தோள்வரை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அம்மா பூசணிக்காய் வாங்குவது மாதிரியே இருந்தது. கடைசியில் நடுவில் இருந்ததைக் காட்டினார்.

"இதாண்ணா. நாள் பூரா தூக்கலாம், கை வலிக்காது."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தம்பி, ஸ்டுடியோவில் கேமராமேன்" என்று கடைக்காரரிடம் பெங்காலியில் சொன்னார். அசிஸ்டென்ட் என்கிற வார்த்தை அந்தக் கடையிலேயே காணாமல் போனது.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடமாட்டோம். மிக்ஸிக்கும் வைத்தோம், அப்பாவின் சைக்கிளுக்கும் வைத்தோம். அம்மா கேமராவின் பக்கவாட்டில் ஒரு பொட்டு வைத்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பொட்டு என்றால் முகத்தில்தானே? அம்மா கற்பூரம் எடுக்க உள்ளே போனதும், கடைக்காரர் செய்த மாதிரி மூடியைத் திறந்து, முன்னாலிருந்த உருண்டைக் கண்ணாடியில் நான் ஒரு பொட்டு வைத்தேன். கோணலாகிவிட்டது. விரலால் தேய்த்துவிட்டு மூடியைப் போட்டுவிட்டேன்.

பூஜை முடிந்து சித்தப்பா கேமராவைப் போட்டால், சின்னத் திரையில் ஒரே செக்கச்சிவப்புப் புகை. அதற்குள் எங்கேயோ அம்மா நின்றிருந்தாள். எல்லோரும் திரையையே பார்த்தோமே தவிர, முன்பக்கம் யாரும் பார்க்கவில்லை. என் பொட்டுக்கும் அந்தச் சிவப்புக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

"ஸ்டுடியோவுல ரெண்டு வருஷமா என்னத்தடா கிழிச்ச?" என்றார் அப்பா. "மூணு நாள்ல ப்ளைட்டு."

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போனதும், சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். ஆற்றைக் கடக்கும் படகில், கேமராப் பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

"நான் அங்க லைட்டுதான் தூக்குறேன். கேமராவ என்னைத் தொடவே விடமாட்டாங்க. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா, இதுக்காடா வேலைய விட்டேன்னு கேப்பாரு. மறுபடியும் பேசவே மாட்டாரு."

கடைக்கார தாதா கேமராவைக் கையில் வாங்கியதும் முன்பக்கம் திருப்பிப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஊரில் கல்யாணம் ஆன பெண்கள் மட்டும்தான் குங்குமம் வைப்பார்கள், அதைச் சிந்தூர் என்பார்கள். "ஏ மா, சிந்தூர்! கேமராவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? மாப்பிள்ளை யாரு?" என்று பெங்காலியில் கேட்டார்.

"நான்தான் வெச்சேன்" என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் சித்தப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணெல்லாம் தண்ணீர். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

தாதா கண்ணாடியில் ஊதி, மெல்லிய துணியால் துடைத்து, ஒரு பொத்தானை அழுத்தி எங்கள் இரண்டு பேர் பக்கம் நீட்டிப் பார்த்தார். படம் பளிச்சென்று இருந்தது. சரியாகிவிட்டது என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் சித்தப்பா கையைக் கூப்பிவிட்டார். "தாதா, நான் கேமராமேன் இல்லை. லைட்டுத் தூக்குகிறவன். எனக்கு ஒன்றுமே தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்று பெங்காலியில் சொன்னார். தாதா டீ வரவழைத்து, ஒரு மணி நேரம் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தார். கேமராவின் முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எதற்கென்று எங்களுக்குத் தெரியாது; பாதியில் தாதா ஏதோ பொத்தானை அழுத்தியபோது அணைந்துவிட்டது.

சிங்கப்பூரில் நாலு நாள் ஊர் சுற்றிப் படம் எடுத்தபின், அத்தை வீட்டு டிவியில் டேப்பை முதலிலிருந்து போட்டார்கள். சிங்கப்பூர் வரும் என்று பார்த்தால் கடை வந்தது. கையைக் கூப்பிக்கொண்டு சித்தப்பா வந்தார். "தாதா, நான் கேமராமேன்..." என்று ஆரம்பித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் கை என் கையை நசுக்கியது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. அப்படி ஒரு இருமல். அம்மா தண்ணீருக்கு ஓடினாள், அத்தை முதுகைத் தடவினாள், மாமா ஜன்னலைத் திறந்தார். இருமல் நின்றபோது டிவியில் பறவைப் பூங்கா ஓடிக்கொண்டிருந்தது.

நானும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாடா, அப்பா கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் சித்தப்பா அதே கேமராவில் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்தார். அப்பா அவரோடு பேசாமல் இருந்த நாள் அப்புறம் ஒன்றுகூட இல்லை.

இந்த இருபது நாளாகத் துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "என் தம்பி கேமராமேன்" என்றுதான் சொல்கிறார். முந்தாநாள் அந்த டேப்பைத் தேடி எடுத்துத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். கடையில் நடந்தது கால் மணி நேரத்துக்கு ஓடுகிறது. அவ்வளவு நேரமா ஒரு மனுஷன் இருமுவார்?

அப்பாவிடம் போய், "உங்களுக்கு அப்பவே தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"என்னது?" என்றார். உடனே இருமினார்.

மனசிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. சித்தப்பா, நீங்கள் பயந்ததெல்லாம் வீண். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கு விளக்கேற்றும்போது எங்கள் சேகர் சித்தப்பாவையும் நினைத்து ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவர் எதையும் தூக்காமல் நிம்மதியாக இருக்கட்டும்.