ஏழு காஜா

மனைவியின் தங்கை கோயம்புத்தூருக்கு வீடு மாற்றியபோது, லாரியில் இடமில்லை என்று தன் தையல் மெஷினை அடையாறில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். மேசைமேல் வைத்து மின்சாரத்தில் ஓட்டும் சின்ன மெஷின். என் மனைவி தைப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தேனாம்பேட்டை அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்கு வந்து சேர்பவளுக்கு ஊசியில் நூல் கோக்கப் பொறுமை ஏது? நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். கட்டட வரைபடம் போடுவது தொழில். ஒரு மத்தியானம் சும்மா ஒரு தலையணை உறை தைத்துப் பார்த்தேன். தையல் நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது. அன்றைக்கே தலைக்கனம் ஏறிவிட்டது.

நாலு தலையணை உறை, இரண்டு பை, ஒரு கவுன் ஆனதும் எனக்கே ஒரு அரைக்கைச் சட்டை தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பாண்டி பஜாரில் வெளிர்நீலப் பருத்தித் துணி வாங்கினேன். கணினியில் பார்த்துப் பார்த்து வெட்டினேன். காலர் இரண்டு முறை கோணிக்கொண்டது, மூன்றாம் முறை உட்கார்ந்தது. கை பொருத்தினேன். பத்து நாளில் சட்டை என்று சொல்லத்தக்க ஒன்று கையில் இருந்தது. பாக்கி காஜாதான்.

பட்டன் நுழையும் துளையைத்தான் தையற்காரர்கள் காஜா என்பார்கள். மெஷினில் அதற்கென்று ஒரு திருகு உண்டு. இடப்பக்கம் நெருக்கமாகத் தைத்து இறங்க வேண்டும், கீழே ஒரு முடிச்சு, வலப்பக்கம் ஏற வேண்டும், மேலே ஒரு முடிச்சு. பிறகு நடுவில் வெட்டினால் தீர்ந்தது. கேட்க எளிதாகத்தான் இருந்தது. பழைய போர்வையில் பழகிப் பார்த்தேன். ஒரு பக்கம் அடர்த்தியாக வந்தால் மறுபக்கம் பல் விழுந்த சீப்பு மாதிரி வந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்றில் நூல் அடியில் சுருண்டு மெஷினே நின்றுபோனது. ஒரு வாரத்தில் போர்வை முழுக்கக் காஜா. ஒன்றுகூடச் சட்டையில் வைக்கிற தரத்தில் இல்லை.

"காஜாவ மட்டும் வெளிய குடுத்துடுங்களேன். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?" என்றாள் மனைவி.

"முழுச் சட்டையும் நானே தைச்சேன்னு சொல்லணும்."

"யார்கிட்ட?"

நான் போர்வையில் அடுத்த காஜாவைத் தொடங்கினேன்.

மறுநாள் போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தி. நகருக்குப் போனேன். உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கணவனும் மனைவியுமாகக் காஜா, பட்டன் வேலை மட்டும் செய்கிற கடை ஒன்று உண்டு. அந்த அம்மா முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு பெரிய மெஷினில் உட்கார்ந்திருந்தார். துணியை வைத்து மிதித்தால் டகடகவென்று மூன்றே நொடியில் ஒரு காஜா விழுந்தது. கணவர் பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நான் போர்வையை விரித்தேன்.

"இன்னா சார் இது? துணி மேல மூட்டைப்பூச்சி ஊர்ந்த மாதிரி கீது!"

"நான் போட்டதும்மா. வீட்டு மெஷின்ல."

"சட்டய குடுங்க சார். ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தரேன்."

"இல்லம்மா, நானே போடணும்."

"பின்ன இன்னாத்துக்கு வந்தீங்க?"

"எங்க தப்பு பண்றேன்னு கேக்க."

அவர் கணவரைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு போர்வையை இழுத்து மடியில் போட்டு, ஒவ்வொரு காஜாவாக நகத்தால் தடவிப் பார்த்தார்.

"துணிய இழுத்துக்கினே கீறீங்க சார். அது தானா போவும், நீங்க கைய சும்மா மேல வைங்க. அப்புறம், துணி மெல்லிசு. அடியில ஒரு மெல்லிசு பேப்பர் வெச்சுத் தைங்க, முடிஞ்சதும் கிழிச்சுடலாம். வெட்றப்போ முனையில குறுக்கால ஒரு குண்டூசி குத்துங்க. கத்தி அதத் தாண்டாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அவசரப்படாதீங்க."

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டையை ஹேங்கரில் மாட்டி அலமாரிக் கதவில் தொங்கவிட்டு, பென்சிலால் ஏழு இடம் குறித்தேன். அடியில் காகிதம். கையை மேலே சும்மா வைத்தேன். மெஷின் தானாக இறங்கியது, ஏறியது. காகிதத்தைக் கிழித்தேன். இரண்டு பக்கமும் ஒரே அடர்த்தி! நம்ப முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டாவதும் அப்படியே. காலருக்குக் கீழே தடிமனான இடத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏழும் முடிந்தது. குண்டூசி குத்தி வெட்டினேன். பட்டன் தைத்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்து நின்றேன்.

மனைவி காப்பி டம்ளருடன் வந்தாள். நான் பட்டன் போட்டுக் காட்ட முயன்றேன். ஏனோ விரல் தடுமாறியது.

"புதுத் துணி இல்லியா, கை பழகல" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏங்க, இது எந்தப் பக்கம் மூடுது?"

குனிந்து பார்த்தேன். ஆண்கள் சட்டையில் காஜா இடப்பக்கம் இருக்கும், பெண்கள் சட்டையில் வலப்பக்கம். என்னுடையது வலப்பக்கம் இருந்தது. என்னைப் பார்த்துத் தொங்கிய சட்டையில், என் கண்ணுக்கு எது இடமோ அதில் குறித்திருக்கிறேன். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி மடித்திருந்ததால் தைக்கும்போதும் தெரியவில்லை. தையல் என்றால் பிரிக்கலாம். வெட்டிய ஓட்டையை என்ன செய்வது?

"இத்தன வருஷமா பிளான் போடறவர்!" அவள் சோபாவில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவள் சிரிப்பை நிறுத்துவதாக இல்லை என்று தெரிந்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கழட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா."

அவள் அதைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக ஏழு பட்டனையும் தடங்கலில்லாமல் போட்டாள். தோள் கொஞ்சம் இறங்கி நின்றது. அதுகூட வேண்டுமென்றே அப்படித் தைத்தாற்போல் இருந்தது. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நான் திருப்பித் தரமாட்டேன்" என்றாள்.

ஞாயிறு காலை அந்தச் சட்டையோடுதான் ஊரூர்க் குப்பத்துக்கு மீன் வாங்கக் கிளம்பினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எங்களுக்கு வாடிக்கையாக மீன் தரும் அக்கா, சங்கரா மீனை ஆய்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"புது சொக்காவா? ஜோரா கீதும்மா. எங்க வாங்குன?"

"எங்க வீட்டுக்காரர் தைச்சது. இந்தக் காஜாகூட இவர் போட்டதுதான், பாருங்க." அவள் ஒரு பட்டனைக் கழற்றி மாட்டிக் காட்டினாள். கூடவே, எந்தப் பக்கம் மூடுகிறது என்கிற கதையையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து காஜாவைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் இருந்தா இன்னா, தைச்சுக் குடுத்துச்சே. எங்கூட்லயும் ஒண்ணு கீது. வலையத் தவிர வேற எதுலயும் ஊசி வெக்காது!"

படகு நிழலில் வலை சரிசெய்துகொண்டிருந்த அவர் கணவர் தலை நிமிராமல், "கேக்குது, கேக்குது" என்றார். நாங்கள் நாலு பேரும் சிரித்தோம்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு சட்டை தைத்தேன். இம்முறை அதை உடம்பில் போட்டுக்கொண்டு இடப்பக்கம் எது என்று மனைவியைக் கேட்டுக் குறித்தேன். காஜா சுமார்தான். ஐந்தாவது கொஞ்சம் கோணல். அதைத்தான் இப்போது அதிகம் போடுகிறேன்.