சின்னவன் சாகவில்லை என்று சொன்ன காலை

போன கிழமை மன்னாரிலிருந்து எருக்கலம்பிட்டிக்குத் திரும்பும் பின்னேர பஸ்ஸில், எனக்குப் பின் இருக்கையில் டியூசன் முடிந்து வந்த இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். ஏதோ மந்திர தந்திரத் தொடராம். புதிய சீசனின் முதல் பாகம் அன்று காலைதான் வெளியாகியிருக்கிறது. ஒருத்தி போனில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். "அவள் சாகேல்லையடி. விழுந்ததைத்தானே காட்டினவங்கள், உடம்பைக் காட்டேல்லையே" என்றாள். மற்றவள் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். நான் பயத்தில் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. வீட்டில் கோழி அறுக்கிற நாளில் அடுத்த வீட்டில் போய் இருந்துவிடுகிற ஆள். கடலைச் சுற்றிவர வைத்துக்கொண்டு இந்த வயதுவரை வள்ளத்தில் கால் வைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு வந்தது அந்த மாதிரிப் பயமில்லை. அந்த நேரம் பார்த்து ஐஸ் ஏற்றிய லொறி ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. நண்டும் ஐஸும் கலந்த அந்த மணம் யன்னலால் உள்ளே வந்தது. பிறகு வீடு வந்து சேரும்வரை நான் பஸ்ஸில் இல்லை, எங்களுடைய பழைய நண்டுக் கம்பனியின் கந்தோரில்தான் இருந்தேன்.

அதுதான் என் முதல் வேலை. கரையோரத்து மீனவர் வாடிகளிலிருந்து நண்டு வாங்கி, அவித்து, சதை எடுத்து, ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டிகளில் கொழும்புக்கு அனுப்புகிற சின்னக் கம்பனி. நான் கந்தோரில் தொலைபேசி எடுக்கிற பிள்ளை. நிசாந்தன் கம்பியூட்டர் பார்க்கிறவன். இக்பால் நானா லொறிச் சாரதி. சதை எடுக்கிற பெண்களுக்கெல்லாம் மேற்பார்வை ஜெனி அக்கா, தோட்டவெளி ஆள், அப்போது முப்பதைத் தாண்டியிருப்பார். காலையில் நண்டு வந்து சேரும்வரை எங்கள் நாலு பேருக்கும் வேலையில்லை. முதலாளி கொழும்பில். கந்தோரில் நல்ல இன்டர்நெட். இதற்குமேல் நான் சொல்லவா வேண்டும்.

நிசாந்தன் இறக்கித் தந்த தொடருக்கு நீளமான இங்கிலீஷ் பெயர். இக்பால் நானாவின் வாயில் அது நுழையாததால் நாங்கள் எல்லோரும் "வெளிச்சவீட்டுப் படம்" என்றே சொன்னோம். ஒரு தீவு ராச்சியம், கரையைச் சுற்றி ஏழு வெளிச்சவீடுகள். ஒன்று அணைந்தாலும் கடலில் மூழ்கிச் செத்தவர்கள் அந்தப் பக்கத்தால் எழும்பிக் கரைக்கு நடந்து வருவார்கள். நான் முக்கால்வாசியை விரல் இடுக்கால் பார்த்தேன். ராசாவின் இளைய மகனை நாங்கள் சின்னவன் என்போம். அணைந்த விளக்கை ஏற்றப் போன இடத்தில், சீசனின் கடைசிப் பாகத்தில், புயலில் கப்பலிலிருந்து அவன் கடலில் விழுந்தான். அதோடு படம் நின்றது. அடுத்ததுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

உலகமெல்லாம் சண்டை. நிசாந்தன் வெளிநாட்டு ரசிகர்கள் எழுதுவதை வாசித்து வந்து தேத்தண்ணி நேரத்தில் எங்களுக்குத் தமிழில் சொல்லுவான். சின்னவன் செத்தவர்களின் படைக்கே தலைவனாக வருவான் என்பது ஒரு கட்சி. கடலுக்கடியில் ஒரு ராணி அவனை வளர்க்கிறாள் என்பது இக்பால் நானாவின் சொந்தக் கட்டு. ராணி என்ன சமைத்துக் கொடுப்பாள் என்பதுவரை வைத்திருந்தார். ஜெனி அக்கா கோப்பையைக் கழுவியபடி ஒன்றே ஒன்றுதான் சொல்லுவார்.

"உடம்பைக் காட்டேல்ல. காட்டாட்டி சாகேல்ல."

அதை அவர் சொல்கிற விதத்தில் விளையாட்டு இருக்காது. ஏன் என்று எனக்கு இக்பால் நானாதான் ஒருநாள் லொறியில் வைத்துச் சொன்னார். சண்டைக் காலத்தில் அக்காவும் அவருடைய தம்பியும் இந்தியாவுக்குப் போவதற்கு வேறு சனங்களோடு வள்ளம் ஏறியிருக்கிறார்கள். வள்ளக்காரன் விடிவதற்கு முன்னால் இவர்களை நடுக்கடலில் ஒரு மணல்தீடையில் இறக்கி, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சுற்றிவரத் தண்ணீர். "நீ இதில இரு அக்கா, நான் அங்கால பாத்திட்டு வாறன்" என்று தம்பி மணலோடு நடந்து போயிருக்கிறான். விடிந்தபோது இந்தியக் கப்பல்காரர் வந்து மற்றவர்களை ஏற்றினார்கள். அவனைக் காணவில்லை. அங்கே அகதி முகாமில் இருந்த காலமெல்லாம் அக்கா விசாரித்தார். ஊர் திரும்பிய பிறகும் விசாரித்தார். நிசாந்தன் அவரைவிட எவ்வளவோ இளையவன், ஆனால் அவனைக்கூட அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். தம்பி என்ற சொல் அவருக்கு ஒருவனுக்கு மட்டும்தான்.

"அதைவிட ஒண்டு கேள்" என்றார் நானா. நவம்பரில் அவர்களுடைய ஆத்துமாக்கள் திருநாளுக்கு, கல்லறைகள் இருக்கிற சேமக்காலையில் பூசை நடக்கும், செத்தவர்களின் பெயர்களைப் பங்குச் சுவாமி வாசிப்பார். ஒரு வருடம் சொந்தக்காரர் ஒருவர் அக்காவுக்குத் தெரியாமல் தம்பியின் பெயரையும் கொடுத்துவிட்டார். "பேர் வாசிச்ச உடன எழும்பிப் போயிட்டா. தேடிப் போகேக்க கடலுக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிண்டவ. கூப்பிடக் கூப்பிடத் திரும்பேல்லையாம்." அதற்குப் பிறகு அந்தப் பெயரை ஊரில் ஒருவரும் வாயில் எடுப்பதில்லை.

இதைக் கேட்டபின் வெளிச்சவீட்டுப் படம் எனக்குப் படமாக இல்லை. சின்னவன் உயிரோடு வரவேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் துவாக் கேட்டேன். ஒரு கற்பனை ராசாவின் மகனுக்காக. என் உம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அடிக்கத் தும்புத்தடி எடுத்திருப்பார்.

புதிய சீசன் வருவதற்குச் சில நாள் முன்பு நிசாந்தன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். முகம் சரியில்லை. படப்பிடிப்பில் யாரோ களவாக எடுத்து வெளியே விட்ட போட்டோ ஒன்று கம்பியூட்டரில் இருந்தது. ஒரு கடற்கரை, சுற்றி நாலைந்து ஆட்கள், நடுவில் போர்வையால் மூடிய ஏதோ ஒன்று. போர்வைக்கு வெளியே தெரிந்தது சின்னவனின் சப்பாத்து என்று வெளிநாட்டில் எல்லோரும் எழுதியிருந்தார்களாம்.

"அக்கா பாத்தா என்ன செய்யிறது?" என்றான்.

மூன்று பேரும் லொறிக்குப் பின்னால் கூடினோம். லொறி நிழலில் நின்ற கழுதை மட்டும்தான் சாட்சி. புதிய பாகம் இன்னும் இறங்கவில்லை என்று பொய் சொல்லலாம் என்றேன் நான். எத்தனை நாளைக்கு என்று கேட்டான் நிசாந்தன். கந்தோர் பியூசைப் பிடுங்கிவிடலாம் என்றார் நானா. நண்டு பழுதாகிப்போகும். கடைசியில் நிசாந்தன்தான் வழி கண்டுபிடித்தான். அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் போடலாம், அக்காவுக்குத் தெரியாது. எங்களுக்கு அது பெரிய அறிவாகத் தெரிந்தது. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் போனபோது ஜெனி அக்கா எங்களுக்கு முன்னமே வந்து, கம்பியூட்டருக்கு நேர் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். தலைக்கு முழுகி, பூசைக்குப் போகிற சீலை உடுத்திருந்தார். நிசாந்தன் வந்தான், பார்த்தான், என்னைப் பார்த்தான். அக்கா எழும்பி அவனுக்கு வழிவிட்டார். "இறங்கீட்டுதே? போடு" என்றார். வெட்டவும் நேரமில்லை, ஒட்டவும் நேரமில்லை, முழுதாகவே போட்டான்.

முதல் காட்சியே கடற்கரை. சாம்பல் நிற அலை. மணலில் ஒருவன் குப்புறக் கிடந்தான். தூரத்திலிருந்து ஒரு கிழட்டு மீன்பிடிகாரன் ஓடிவந்து, குனிந்து பார்த்துவிட்டு, தன் தோளில் கிடந்த போர்வையை எடுத்து அவன்மேல் விரித்தான். பிறகுதான் மற்ற ஆட்கள் வந்தார்கள். அதற்கு மேல் நான் திரையைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சீலைத் தலைப்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தது.

முதலில் பேசியது இக்பால் நானா. "முகத்தைக் காட்டேல்லத்தானே" என்றார். அவ்வளவுதான், மூன்று பேரும் தொடங்கிவிட்டோம். சப்பாத்தை யாரும் யாருக்கும் போட்டுவிடலாம் என்றேன். கதைக்காரர் ஆட்களை ஏமாற்றுவதற்கென்றே இப்படிச் செய்வார்கள் என்றான் நிசாந்தன். சின்னவனின் தலைமயிர் இதைவிட நீளம் என்றார் நானா. கடல்ராணி வேறொரு உடம்பைக் கரையில் ஒதுக்கிவிட்டு இவனை வைத்திருக்கிறாள் என்றும் சொன்னார். அந்த ராணியை அதுவரை பழித்த நிசாந்தன், "ஓம், அதுவும் இருக்கும்" என்றான். பயத்தில் எங்கள் குரல்கள் ஒன்றையொன்று ஏறி மிதித்துக்கொண்டு போயின. இவ்வளவு காலமும் பொழுதுபோக்குக்குக் கட்டிய கதைகளை அன்றைக்கு உயிரைக் கொடுத்துக் கட்டினோம்.

ஜெனி அக்கா எங்கள் பக்கம் திரும்பினார்.

"காணும், விடுங்கோ. அது அவன்தான்" என்றார்.

பிறகு பாகம் முடியும்வரை பார்த்தார். நண்டு வந்தது, எழும்பிப் போய்க் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தார். அன்று முழுக்க நாங்கள் மாறி மாறி ஏதாவது சாட்டுச் சொல்லி உள்ளே போய் அவரை எட்டிப் பார்த்தோம். பின்னேரம் அவர் பஸ் ஏறினார். நாங்கள் மூன்று பேரும் லொறியில் அந்த பஸ்ஸின் பின்னால் போனோம். தோட்டவெளியில் இறங்கியவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கரைக்குப் போகிற மணல் பாதையில் நடந்தார். நானா லொறியை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடினார். பின்னால் நிசாந்தன், அவனுக்கும் பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி நான்.

அக்கா அலை வந்து தொடுகிற இடத்தில் நின்றார். அதற்கு மேலே போகவில்லை.

"என்ன, மூண்டு பேரும் நண்டு பிடிக்கவோ வந்தனீங்கள்?"

நான் அழுதுவிட்டேன். "பயமாக் கிடக்கக்கா. வாங்கோ, வீட்ட போவம்" என்றேன்.

"எனக்கு மட்டும் பயமில்லையே பிள்ளை?" என்றார். "சுவாமியிட்டப் பேரைக் குடுத்தா, அவனைச் செத்தவன் எண்டு சொன்னது நான் எண்டாயிடும். அந்தப் பயத்திலதான் இவ்வளவு காலமும் இருந்தனான்." குனிந்து, நனைந்த சீலைக் கரையைப் பிழிந்தார். "நீங்கள் முகத்தைக் காட்டேல்ல எண்டு வாதாடினியள். நான் அந்தக் கிழவனைத்தான் பாத்தனான். ஆர் பெத்த பிள்ளையோ எண்டு தன்ர போர்வையை எடுத்து மூடிவிட்டவன். தம்பிக்கும் ஆராவது அப்பிடிச் செய்திருப்பினம், என்ன?"

"செய்திருப்பினம்" என்றார் இக்பால் நானா.

அந்த நவம்பரில் அக்கா தானாகவே போய்ப் பெயரைக் கொடுத்தார். சேமக்காலை வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். சுவாமி வாசித்த நீண்ட வரிசையில் அருள்ராஜ் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அக்கா எழும்பி ஓடவில்லை. கல்லறை இல்லாதவர்களுக்கு ஏற்றுகிற இடத்தில், பெரிய சிலுவையின் அடியில், மெழுகுதிரி ஏற்றினார். வெளிச்சவீட்டுப் படத்தை அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்தின் கடைசி சீசனில் சின்னவன் உயிரோடு திரும்பி வந்தான். போர்வைக்குள் கிடந்தது வேறு ஒரு மாலுமியாம். சின்னவன் அவனுக்குத் தன் சப்பாத்தைக் கொடுத்திருந்தானாம். நாங்கள் பயத்தில் உளறியதெல்லாம் சரி. உலகம் முழுக்க ரசிகர்கள் கொண்டாடினார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்போது கனடா போய்விட்டிருந்த நிசாந்தனிடமிருந்து ஒரு வரி வந்தது. "அக்காக்குச் சொல்லிப்போடாத."

இப்போது கம்பனி இல்லை. கந்தோர் இருந்த இடத்தில் டயர் கடை. இக்பால் நானாவும் மௌத்தாகி, அவரை அடக்கி மூன்று நோன்புக் காலம் போய்விட்டது. ஒருவனைச் சாகவிடாமல் வைத்திருக்க வாய் ஓயாமல் பேசிய அந்தக் காலைகள், அந்தத் தேத்தண்ணி, அந்தக் கதிரைகள், ஒன்றும் மிச்சமில்லை. நான் மட்டும் ஒவ்வொரு நவம்பரும் அக்காவோடு சேமக்காலைக்குப் போய்க் குடை பிடிக்கிறேன். பஸ்ஸில், கடையில், யாராவது பிள்ளைகள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அக்கா பக்கத்தில் இருக்கிறாரா என்றுதான் என் கண் முதலில் தேடும்.

கடைசியாகப் போனபோது, திரியை மணலில் ஊன்றியபடி அவராகவே கேட்டார்.

"அந்த வெளிச்சவீட்டுப் படம் முடிஞ்சுதே பிள்ளை?"

"முடிஞ்சுதக்கா."

"சின்னவனை எங்க அடக்கம் செய்தவங்கள்?"

"கரையிலதான் அக்கா, வெளிச்சவீட்டுக்குக் கிட்ட" என்றேன்.

"அது நல்லம்" என்றார். பையிலிருந்து இன்னொரு மெழுகுதிரியை எடுத்து, தம்பியின் திரியில் பற்றவைத்து, அதற்குப் பக்கத்தில் ஊன்றினார். தூறல் தொடங்கியது. அது அணைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.