கடைசிவரை பார்த்திட்டு அழி, பிள்ளை

தொலைபேசி அடித்தபோது மகள் என் மடியில் இருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் அவளுக்குத்தான் ஏதோ என்று நெஞ்சு பதறும். அவளே மடியில் இருந்து சிரித்துக்கொண்டிருந்ததால் அன்றைக்குப் பயமில்லாமல் எடுத்தேன். எங்கள் ஸ்ரூடியோ முதலாளி அன்சார் நானா. "துளசி, ஜெசி அக்கா மௌத்தாப் போயிட்டா" என்றார். பூசைக்குப் போய் வந்து, தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவராம். அவ்வளவுதான், உயிர் போய்விட்டது.

ஜெசிந்தா அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்னார்ப் பேசாலையில் கலியாண வீடியோ எடுக்கும் எங்கள் ஸ்ரூடியோவில் கம்பியூட்டர்களைப் பராமரித்தவர் அவர். நான் பட்டப்படிப்பு முடித்து வீடியோ எடிற் பண்ண அங்கே சேர்ந்த முதல் நாளே, "பிள்ளை, இஞ்ச ஒரு சட்டம்தான். கொப்பி பண்ணினதைத் திறந்து கடைசிவரை பாத்திட்டுத்தான் மெமரி காட்டை அழிக்கோணும். கொப்பி முடிஞ்சுது எண்டு கம்பியூட்டர் சொல்லும். அது சொல்லுறதை நம்பாத" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்கா சிரித்தால் பக்கத்துப் பலசரக்குக் கடையில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தச் சட்டத்தின் அருமை, அரிப்பு என்ற கடற்கரை ஊரில் நடந்த ஒரு கலியாணத்தில் தெரிந்தது. தவக்காலத்தில் கலியாணங்கள் நடப்பதில்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து குவியும். அந்த முறை எங்கள் டிஸ்க்குகள் நிரம்பிவிட்டன. புதியது கொழுவ மதர்போட்டில் இடமில்லை. நானா கொழும்பிலிருந்து ஒரு கொன்ட்ரோலர் வாங்கி வந்தார். உள்ளங்கை அளவுப் பலகை. அதை மதர்போட்டில் செருகினால் இன்னும் சில டிஸ்க்குகளைப் பூட்டலாம். பூட்டினோம். அரிப்புக் கலியாணத்தை அதன் வழியாகத்தான் கொப்பி பண்ணினோம்.

மணப்பெண்ணின் தகப்பனார் கடலில் மீன் பிடித்தவர். நோயால் நடக்க ஏலாமல் இருந்தார். அவருடைய வள்ளத்து ஆட்கள் பிளாஸ்ரிக் கதிரையோடு அவரைத் தூக்கி, மகளோடு கோவிலுக்குள் கொண்டுபோனார்கள். கதிரை ஒரு பக்கம் சரிய, "டேய், வள்ளத்தையும் இப்பிடித்தான் தூக்குவியளோ!" என்று அவர் அதட்டியதில் கோவிலே சிரித்தது. கொப்பியில் சரியாக அந்த இடத்தில் படம் பச்சைச் சதுரங்களாக உடைந்தது. சத்தமும் போய்விட்டது. மெமரி காட்டில் மட்டும் அது நல்லபடியாக இருந்தது. ஆனால் சனிக்கிழமை அடுத்த கலியாணம். அதற்கு அதே காட்டுகள்தான் வேண்டும். அந்த வகை மன்னாரில் கிடைக்காது.

"உப்புக்காத்து" என்றார் நானா. பேசாலையில் மின்விசிறி நின்றாலும் பிரிட்ஜ் நின்றாலும் குற்றவாளி உப்புக்காற்றுத்தான். வேறு யாரையும் விசாரிப்பதே இல்லை. எல்லாவற்றையும் ஸ்பிரிற்றால் துடைத்தார். அப்போதும் படம் உடைந்தது. வள்ளத்து எஞ்சினை மூடும் பொலித்தீன் உறையைக் கொண்டுவந்து கம்பியூட்டருக்குப் போர்த்தினார். அது சூடேறி நின்றேபோனது.

"என்ன நானா, இது கடல் தொழிலுக்கே போகப் போகுது?" என்று அக்கா கேட்டார்.

நான் பதற்றக்காரி. ஒரே மூச்சில் கேபிள், றாம், டிஸ்க் எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது வேறோர் இடத்தில் உடைந்தது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பயத்தில எல்லாத்தையும் ஒண்டா மாத்தினா, சரிவந்தாலும் எதால வந்தது எண்டு தெரியாது. பழையபடி பூட்டு. ஒண்டை மாத்து, பார். பிறகு மற்றதை."

பழைய கேபிளைப் பூட்டினோம். பழைய றாமைப் போட்டோம். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே வீடியோவைக் கொப்பி பண்ணிக் கடைசிவரை பார்த்தோம். கேபிளில் குற்றமில்லை. றாமில் குற்றமில்லை. டிஸ்க்கைச் சோதித்தால் அதுவும் நல்லது. வள்ளத்து ஆட்களின் முகங்கள் எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டன. முன்னால் தூக்கும் மீசைக்காரர் திரையில் வந்தால் அக்கா, "அண்ணை, இந்த முறையாவது வாசல் கடவுங்கோ" என்பார்.

கடைசியில் அக்கா ஒரு பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதைக் கொன்ட்ரோலர் இல்லாமல் நேரே மதர்போட்டில் கொழுவினார். மீசைக்காரர் வாசல் கடந்தார். "டேய், வள்ளத்தையும்..." என்று தகப்பனார் அதட்டினார். நான் துள்ளி எழும்பினேன். அக்கா, "இரு, இன்னும் முடியேல்லை" என்று சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை பார்த்தார்.

"அப்ப கொன்ட்ரோலர்தான் பழுது" என்றார் நானா. அதையும் அக்கா நம்பவில்லை. கொண்டுபோய் நானாவின் வீட்டுக் கம்பியூட்டரில் பூட்டினார். அங்கே ஒரு பிசகும் இல்லாமல் கொப்பி பண்ணியது! திரும்ப எங்கள் மதர்போட்டில் பூட்டினால் படம் உடைகிறது.

"ரெண்டும் தங்கமான ஆக்கள் நானா. ஒரு வீட்டில வைச்சாத்தான் பிரச்சினை."

"என்ர பொஞ்சாதியும் உம்மாவும் மாதிரி எண்டு சொல்லுங்கோ."

தீர்வும் அதேதான், தனித்தனி வீடு. நானாவின் வீட்டுக் கம்பியூட்டர் கொன்ட்ரோலரோடு கடைக்கு வந்தது. கடைக் கம்பியூட்டர் வீட்டுக்குப் போனது. "விளையாடுற கம்பியூட்டரைப் பறிச்சதெண்டு வீட்டில பிள்ளையள் என்னோட கோபம்" என்று நானா நெடுநாள் முறையிட்டார். சனிக்கிழமைக் கலியாணத்துக்குக் காட்டுகள் காலியாகத் தயாராக இருந்தன.

வீடியோவை வாங்க அந்தப் பெண் வரும்போது தகப்பனார் உயிரோடு இல்லை. "அப்பா கதைச்ச இடம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். போட்டுக் காட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே அழுதார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. சவர்க்காரம், எண்ணெய், துணி, பவுடர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு அக்காவுக்கு அழைத்தேன். "பிள்ளை, முதல்ல டொக்டரிட்டக் காட்டு. பிறகு ஒண்டொண்டா மாத்து. உனக்கு நான் எத்தினை தரம் சொல்லுறது?" என்று சிரித்தார். டொக்டரும் அதையே சொன்னார். சவர்க்காரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சவர்க்காரமும் நல்லது, பிள்ளையும் நல்லவள்.

அக்காவின் இறுதிக் கிரியைகளை எங்கள் ஸ்ரூடியோவே பதிவு செய்தது, வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தம்பிக்காக. நானா மெமரி காட்டை என்னிடம் தந்தார். இன்று மகள் தூங்கியதும் கொப்பி பண்ணினேன். முடிந்தது என்று கம்பியூட்டர் சொன்னது. அதை நம்பக்கூடாதே! திறந்து பார்க்கத் தொடங்கினேன். பார்க்க முடியாமல் நிறுத்தினேன். பிறகும் போட்டேன். அந்த அரிப்பு மணப்பெண் தன் குழந்தையோடு வந்திருந்தார். சவக்காலைக்குப் போகும் ஊர்வலத்தின் பின்னால் ஒரு கழுதை, ஏதோ சொந்தக்காரர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, வாசல்வரை நடந்து வந்தது. அக்கா இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்க எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மண் போட்டார்கள். எல்லாரும் கலைந்தார்கள். கடைசியாகப் பூவும் மணலும் மட்டும் தெரிந்தன. படம் எங்கேயும் உடையவில்லை.

காட்டை வைத்திருக்கத்தான் மனம் கேட்டது. ஆனால் அக்கா, நீங்கள் ஏசுவீர்கள். கடைசிவரை பார்த்துவிட்டு அழித்தேன், அக்கா. சனிக்கிழமைக் கலியாணத்துக்குக் காட் தயார். நீங்கள் போயிட்டு வாங்கோ.