அமோனியா லூயிஸின் மகள்

லூயிஸ் மாமா ஒரு பெயரைச் சொல்வார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரை எப்படிக் கெடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் கடலூரில் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த என்னை, அத்தையின் பிரசவத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று அம்மா சிதம்பரத்துக்கு அனுப்பியிருந்தாள். துணி துவைத்தேன், கஞ்சி வைத்தேன். மிச்ச நேரத்தில் பெயர்களைக் கெடுத்தேன்.

“ஸ்டெல்லா?”

“செல்லாத நோட்டு.”

“ரோஸ்லின்?”

“ரோஸ் மில்க்கு.”

“ரீட்டா?”

“பரோட்டா. இதுக்கு யோசிக்கவே வேணாம் மாமா.”

அவர் சிரிக்க மாட்டார். நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். முதல் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் அம்மா பெயர் இன்னாசிமேரி. “‘இன்னா, சீ’ம்பாங்க” என்றேன். பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அதையும் அடித்தார்.

ஜெயராணி அத்தை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். “ஊருல எல்லாரும் புள்ளைக்கு பேரு வக்கிறாங்க. இந்த மனுஷன் பேருக்கு பரிச்ச வக்கிறாரு.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவருடைய பயம் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாமா ஒன்பது வருஷம் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தார். அமோனியா சிலிண்டர்களை ஏற்றி இறக்கும் வேலை. எவ்வளவு குளித்தாலும் சட்டையில் அந்த வாடை இருக்கும். ஒருநாள் ஷிப்ட் முடிந்து கடலூர் முதுநகருக்கு டவுன் பஸ் ஏறியபோது கண்டக்டர், “அமோனியா ஏறிட்டாரு, ஜன்னல தொறந்து வுடுங்க” என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்தப் பஸ்ஸில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் மளிகைக் கடையில், சலூனில், எங்கும் அவர் அமோனியா லூயிஸ் ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் மட்டும் கடைசி வரை இடம் இருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் தரகரே அந்தப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தார். மூன்று இடங்கள் அதோடு போயின. நானும் சும்மா இருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் லேபில் டீச்சர் ஒரு பாட்டிலைத் திறந்தபோது, “எங்க மாமா வந்துட்டாரு” என்று சொல்லி வகுப்பையே சிரிக்கவைத்தேன். இது அவருக்குத் தெரியாது.

அந்தப் பெயர் அவரைக் குத்தாத இடம் கம்பெனி ஒன்றுதான். அங்கே எல்லார் மேலும் அதே வாடை. கூட வேலை செய்யும் டேனி அண்ணனோ மீரான் அண்ணனோ “டேய் அமோனியா” என்று கூப்பிட்டால், தோளில் கை போடுவது போல இருக்கும் என்று மாமாவே சொல்லியிருக்கிறார்.

அத்தை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மாதமே வேலையை விட்டார். சிதம்பரத்தில் ஒரு பைப் கடையில் சேர்ந்து, மேலவீதிக்குப் பின்னால் வீடு பிடித்தார். “அந்தப் பேரு தெரிஞ்ச ஒருத்தன்கூட இல்லாத ஊர்ல எம் புள்ள வளரணும்” என்று அம்மாவிடம் சொன்னார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாத ஊர். அவருக்கு அந்தத் தூரம் போதும் என்று இருந்தது.

கடையிலிருந்து வந்ததும் குளிப்பார். குழந்தையைத் தூக்கும் முன் என்னிடம் கையை நீட்டுவார்.

“மோந்து பாரு, ஷாலு.”

“சோப்பு வாசனதான் மாமா.”

“நல்லா பாரு.”

“பைப் கடைல அது எப்டி மாமா வரும்?”

அப்புறம்தான் தூக்குவார்.

குழந்தை பிறந்தது ஆகஸ்ட் இருபத்தேழு, புனித மோனிக்கா திருநாள். ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்கப் போனபோது பங்குச் சாமியார், “மோனிக்கான்னே வச்சிடலாமே” என்றார். மாமா உடனே எழுந்துகொண்டார். “வேற பாத்துனு இருக்கோம் ஃபாதர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், “கேட்டியா, எவ்ளோ கிட்ட வருதுன்னு” என்றார்.

கடைசியில் செசிலியா என்ற பெயர் மிஞ்சியது. மூன்று நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “இதுல கை வக்க முடியல மாமா” என்றேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். மறுநாளே நகராட்சிக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழில் பெயரை ஏற்றிவிட்டு வந்தார்.

ஞானஸ்நானத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது டேனி அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“ஷாலினி, கொழந்தைக்கு இன்னா பேரு? நல்ல போட்டோ ஒண்ணு அனுப்பு. மச்சானாண்ட சொல்லிடாத, சர்ப்ரைஸு.”

வேலையை விட்ட பிறகும் இவ்வளவு பாசமா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குழந்தையின் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து, நல்ல படமாகப் பார்த்து அனுப்பினேன். மாமாவின் பெயரை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை கவுன் போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பினோம். தெருமுனையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். அதில் ‘அமோனியா’ என்ற சொல் நெருப்புப் பிடித்து எரிவது போலச் சிவப்பில் இருந்தது. பக்கத்தில் அதில் பாதி அளவில் ‘லூயிஸ் – ஜெயராணி தம்பதியரின் அன்பு மகள்’. அதற்கும் கீழே, இன்னும் சிறியதாக, செசிலியா. அடியில், ‘இப்படிக்கு அமோனியா பாய்ஸ், செம்மங்குப்பம்’.

பேனருக்கு முன்னால் டேனி அண்ணன், மீரான் அண்ணன், இன்னும் எட்டுப் பேர், எல்லாரும் ஒரே நிறச் சட்டையில்.

“மச்சான்! எப்புடி?” என்று டேனி அண்ணன் கத்தினார்.

“நீங்க கோயிலுக்குள்ள போனப்பறந்தான் கட்டுனோம் மாப்ள” என்றார் மீரான் அண்ணன். “எழுத்து எரியணும்னு கடைல கூடவே ஒக்காந்து சொன்னேன்.”

அவர்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, வேன் பிடித்து, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மாமா அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “சூப்பருடா” என்றார். பேனருக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் மாமா சிரிக்கிறார்.

பந்தியில் வீட்டுக்காரர் சுப்பராயலு கேட்டார்: “இன்னா லூயிசு, அமோனியாவா? கக்கூஸ் பக்கம் போனா அடிக்குமே, அந்த வாடைதான?”

மாமா வாய் திறப்பதற்குள் டேனி அண்ணன் முந்திக்கொண்டார். “அது பெரிய கதைண்ணே! ஒருநாளு டவுன் பஸ்ல ஏறுறான். கண்டக்டரு இன்னா சொன்னான் தெரியுமா...”

கண்டக்டர் மாதிரியே குரலை மாற்றி அவர் சொல்லி முடித்தபோது பந்தியே சிரித்தது. பைப் கடை முதலாளி சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். மாமா பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

நான் போய் அவர் முன்னால் நின்று, படம் அனுப்பியது நான்தான் என்றேன். “போவுது வுடு” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் பேனரை அவிழ்க்கப் போனார். கம்புகள்தான் இருந்தன. எங்கள் வீட்டுக்கு எதிரில் பூக்கடை போட்டிருக்கும் சின்னம்மாள் அதைத் தன் கடைக்கு மேல் கூரையாகக் கட்டியிருந்தாள்.

“நல்ல சீட்டா இருக்குன்னு எடுத்துக்கினேன் தம்பி. வெயிலுக்கு ஆவும்.”

“எழுத்து உள்பக்கம் போறாப்ல கட்டிக்கங்கக்கா.”

“ஏன்? நம்ம பாப்பா படம் தெரியட்டுமே!”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அவரைப் பெயர் சொல்லி அசிங்கப்படுத்த வேண்டும் என்று யாராவது செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இப்போது மார்ச் மாதம். கூரியர்காரர் “அமோனியா வீடு எதுங்க?” என்று கேட்டால் தெருவில் யாரும் யோசிப்பதில்லை. பைப் கடையிலும் அதே பெயர்தான். அவர் வந்தால் கடைப் பையன்கள் மூக்கைப் பிடித்துக் காட்டுகிறார்களாம், வாடையே இல்லாமல்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “செசிலி... செசிலிம்மா... அப்பாவ பாரு” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அவர் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. ஏழு மாதம் ஆகிறது. எதிரிலிருந்து சின்னம்மாள் குரல் கொடுத்தாள்.

“அடியே அமோனியாக் குட்டி! இங்க பாருடி!”

குழந்தை உடனே பொத்தானை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பியது. இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டிச் சிரித்தது.

மாமா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அன்று அவர் குளித்தது அது மூன்றாவது முறை.