மூளை எழுதிய தாளோடு திண்டுக்கல்லுக்கு

மூளை–கணினி இணைப்பைப் பற்றி எளிமையாக எழுதச் சொல்லி இந்தப் பக்கத்தின் வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். இருவர் வீட்டிலும் பேச்சிழந்த நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போக ஏற்பாடு செய்துவருகிறார்கள். அவர்களுக்காக, 1966 பிப்ரவரியில் நான் போய்வந்த ஒரு பயணத்தை எழுதுகிறேன். அப்போது இந்த இணைப்புக்கு ஒரு பெயரே கிடையாது. அதன் முதல் படி மட்டும் இருந்தது.

சென்னை மருத்துவமனை ஒன்றில் மூளை அலைகளைத் தாளில் வரையும் இயந்திரம் இருந்தது. அதைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். மருத்துவர் ஒரு தாளைக் காட்டினார். திண்டுக்கல் தோல் வியாபாரி இஸ்மாயில் ராவுத்தருடையது. பக்கவாதத்தால் கைகால் அசையாது, பேச்சு வராது, நினைவும் இல்லை என்று முன்பு பார்த்த மருத்துவர்கள் சொன்னதை அவர் குடும்பத்தார் நம்பியிருந்தார்கள். கண்மூடிப் படுத்திருந்தபோது அவருடைய அலைகள் சீராக ஏறி இறங்கின. "பதினேழை எட்டால் பெருக்குங்கள்" என்றதும் தட்டையாயின. "போதும்" என்றதும் பழையபடி எழுந்தன. ஒவ்வொரு முறையும் அப்படியே. அதாவது, காதில் விழுகிறது, புரிகிறது, கணக்கும் போடுகிறார். ஆனால் மருத்துவர் அந்தத் தாளை நிதானமாகப் படித்தபோது அவர்கள் ஊருக்கு ரயிலேறி மூன்று வாரமாகியிருந்தது. "நேரில் போய்ச் சொல்ல ஆள் கிடைத்தால் நல்லது" என்றார். கட்டுரைக்கும் ஆகும் என்று நான் கிளம்பினேன்.

எழும்பூரில் மாலை வண்டி. மூன்றாம் வகுப்பு, பதினோரு ரூபாய்ச் சொச்சம், ஏறத்தாழ 420 கிலோமீட்டர். விழுப்புரம் தாண்டும்வரை உட்கார இடமில்லை.

இங்கே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கையை அசைக்க நினைத்தால் மூளையில் மிக மெல்லிய மின்சாரம் ஓடும். அதைத் தலையில் ஒட்டிய தகடுகளாலோ மண்டைக்குள் வைத்த ஊசிமுனைகளாலோ பிடிப்பது முதல் படி. அந்த மின்சாரத்தின் போக்கைப் பார்த்து இன்ன எண்ணம் என்று கணினி அடையாளம் காண்பது இரண்டாவது. அதைத் திரையில் எழுத்தாகவோ செயற்கைக் கையின் அசைவாகவோ சக்கர நாற்காலியின் திருப்பமாகவோ ஆக்குவது மூன்றாவது. செத்துப்போன நரம்பைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுப்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று மூன்று படிகளும் உண்டு. என் பையில் இருந்தது முதல் படியின் இரண்டு முழத் தாள்.

காலை ஆறேகாலுக்குத் திண்டுக்கல். தோல் பதனிடும் இடமான பேகம்பூருக்குக் குதிரைவண்டி, ஒரு ரூபாய்.

"மூக்கப் பொத்துறதுன்னா இப்பவே பொத்திக்கங்க சார். தோல்ஷாப்பு வாடை வரப்போகுது" என்றார் வண்டிக்காரர்.

"பழகிக்கொள்வேன்" என்றேன்.

"அம்புட்டுப் பேரும் அப்படித்தான் சொல்றாக. திரும்பி வாரப்ப மொகத்தப் பாப்போம். ஆமா, யாரு வீட்டுக்கு?"

சொன்னேன்.

"அட, கல்யாண வீடு! முந்தாநேத்துத்தான் அவுக மகளுக்கு நிக்காஹ். பிரியாணிக்கு நானும் போயிருந்தேன்."

வீட்டு வாசலில் பந்தல் மூங்கில்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நிக்காஹில் பெண்ணுக்காக நின்று சம்மதம் சொல்ல வேண்டியவர் தகப்பனார். அவருக்கு நினைவில்லை என்று அவருடைய தம்பி நின்றிருக்கிறார். முன்கூடத்தில் கட்டிலில் ராவுத்தர் கிடந்தார். கூரையைப் பார்த்த கண்கள். அருகே தோல் தரகர் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். ராவுத்தரின் மனைவி ஜைனம்பு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

தாளை விரித்து விவரம் சொன்னேன்.

"அவுகளுக்கு நெனவிருக்குன்னு நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?" என்றார் ஜைனம்பு.

காதர் பாயின் முகம் வெளுத்துவிட்டது. அவர் சொன்னது விளங்க மண்டி வழக்கம் ஒன்று தெரிய வேண்டும்.

தோல் மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குபவரும் விற்பவரும் துண்டுக்கடியில் கைகோத்து விரலால் பேசுவார்கள். பிடியை இறுக்கினால் சம்மதம், விட்டால் இல்லை. துண்டுக்குள் நடந்ததை மூன்றாம் ஆளிடம் சொல்வது அந்தத் தொழிலில் பெரிய அவமானம்.

"வெள்ளிக்கெழம தொழுதுட்டு இங்க வருவேன் சார். சும்மா வெளையாட்டுக்குத் துண்டப் போட்டுக் கையக் கோப்பேன். ரெண்டு வெரல்ல லேசா உசுரு இருந்துச்சு. 'என்ன முதலாளி, சரக்க வித்துரலாமா'ம்பேன், இறுக்குவாரு. ஒரு நாளு, 'இந்த மாப்பிள்ளைக்கே முடிச்சிரலாமா'ன்னேன். கைய விட்டுட்டாரு. அடுத்த வாரமும் கேட்டேன். விட்டுட்டாரு."

"ஏண்ணே சொல்லல?" கதவுக்குப் பின்னாலிருந்து குரல் உடைந்து வந்தது.

"நெனவில்லாத மனுசன்னு பெரிய பெரிய டாக்டரு சொன்னாகளே தங்கச்சி. அத்தோட, துண்டுக்குள்ள பேசுனத நான் இன்ன வரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. வாய் வரலம்மா."

ஜைனம்பு வெளியே வந்தார். என்னைப் பொருட்படுத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கணவரின் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் பேசுறது கேக்குதா?"

இரண்டு விரல்கள் மெல்ல மடங்குவதை நானும் பார்த்தேன். அந்த அம்மாள் அழவில்லை. சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது.

"ஏன் வேணாம்னீங்க?" என்றார். அதற்குப் பதில் சொல்ல விரல்களால் ஆகாது. ஆம், இல்லை என்ற இரண்டு சொற்கள்தான் அவரிடம் இருந்தன. கூரையைப் பார்த்தபடி இருந்தார், கண்ணோரம் நனைந்திருந்தது.

அதை முந்தானையால் துடைத்துவிட்டு ஜைனம்பு குனிந்து சொன்னார்: "போனது போச்சு. நம்ம மக மும்தாஜு நாளைக்கி மாப்பிள்ளையோட விருந்துக்கு வாரா. 'அத்தா, உங்களுக்குச் சம்மதமா'ன்னு புள்ள கையப் பிடிச்சுக் கேப்பா. அப்ப விட்றாதீங்க. என்ன?"

ராவுத்தர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு விரல்கள் மடங்கின.

மாதக்கணக்கில் ஊமையாய்க் கிடந்த மனிதருக்குக் கடைசியில் ஒரு வழி திறந்தது. அதில் அவரிடம் கேட்டு வாங்கப்பட்டது, அவர் மனதில் இல்லாத ஒரு சம்மதம். மதியம் வண்டியேறும்போது என் முகத்தைப் பார்த்த அதே வண்டிக்காரர் வாடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பத்திரிகைக்கு இயந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதினேன். ராவுத்தர் அந்த ஆண்டு மழைக்காலத்தில் இறந்தார் என்று பின்னால் தெரிந்தது. இன்றைய கருவி இருந்திருந்தால் 'ஏன்' என்பதற்கும் அவர் பதில் எழுதியிருப்பார். அந்த ஒரு பதிலுக்கு மேல் எனக்கு அந்தக் கருவியில் வேறு பெருமை தெரியவில்லை.

கிளம்பப்போகிறவர்களுக்குச் சில விவரங்கள். தலையில் தகடு ஒட்டும் முறைக்கு அறுவை தேவையில்லை. ஆனால் எழுத்துகள் மெதுவாகவே வரும், பிழையும் வரும். மண்டைக்குள் பொருத்தும் முறை வேகமானது. அதற்குக் கிருமித்தொற்று அபாயம் உண்டு, பெரும்பாலும் ஆய்வுக்கு இசைந்தவர்களுக்கே செய்கிறார்கள். இரண்டிலும் நோயாளிக்குப் பல வாரப் பயிற்சி வேண்டும்; களைத்துப்போவார், அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாளே அவரை எடைபோட்டுவிட வேண்டாம். கண்ணிமை, விரல், புருவம் எதிலாவது அசைவு உண்டா என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். வந்துபோகிறவர்களையும் கேளுங்கள். யாராவது ஒன்றைக் கவனித்துவிட்டுச் சொல்லாமல் இருக்கலாம். கட்டிலருகே அவருக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். பரிசோதனை முடிந்தால் மருத்துவர் தாளை முழுதாகப் படித்துச் சொல்லும்வரை ஊர் திரும்பாதீர்கள்.

அதுவரை, அவரைக் கேட்டுச் செய்ய வேண்டிய எந்தக் காரியத்துக்கும் வீட்டில் நாள் குறிக்காதீர்கள்.