சிங்கப்பூரில் இருக்கும் தகப்பன்

என் கணவர் ஊரில் இருக்கும்போதே அவர் சிங்கப்பூரில் இருப்பதாகச் சொன்னவள் நான். மகளின் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். ஆமாம், பொய்! அவர் பேசும் இங்கிலீஷுக்கு வெட்கப்பட்டுச் சொன்ன பொய்.

அவருக்கு உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் டயர் கடை. வெளிமாநில லாரி டிரைவர்களிடம் பேசிப் பேசியே இங்கிலீஷ் பழகியவர். 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'மீ' வரும், 'ஹி' வரவேண்டிய இடத்தில் 'ஹிம்' வரும். டிரைவர்களுக்குப் புரிந்தது, வியாபாரமும் நடந்தது. எனக்குத்தான்... நான் எம்.ஏ. படித்தவள் அல்லவா! உடம்பெல்லாம் கூசும்.

கள்ளக்குறிச்சியில் அந்தப் பெரிய பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டுமானால் தாய், தகப்பன் இருவருக்கும் இன்டர்வியூ உண்டு என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து மனிதர் சாப்பிடும்போதுகூட ஒத்திகை பார்த்தார்.

"இன்னா கேட்டாலும் சொல்லிடுவேன் பாரு. மீ அண்ட் மை ஒய்ஃப் வெரி ஹேப்பி... சரியா வருதா?"

"வருதுங்க" என்றேன். இன்டர்வியூ அன்று காலையில், "அப்பாங்க வர வேணாமாம், அம்மா மட்டும் வந்தா போதுமாம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு பஸ் ஏறினேன். இன்டர்வியூவுக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நம்பினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னும் கேளுங்கள்! எனக்கு முன்னால் காரில் வந்திறங்கிய ஓர் அரிசி ஆலைக்காரரும் "மீ அண்ட் மை ஒய்ஃப்" என்றுதான் ஆரம்பித்தார். அதே 'மீ'! பிரின்சிபால் எழுந்து கை கொடுத்தார். காபி வந்தது. எனக்கும் கூசவில்லையே, ஏன்? அப்போதாவது போன் போட்டு இவரை வரச் சொல்லியிருக்கலாமே... சொல்லவில்லை. என் முறை வந்தது. குழந்தையின் தகப்பன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாகச் சுத்தமான இங்கிலீஷில் சொன்னேன்.

பிறகு மகளையும் பழக்கினேன். யார் கேட்டாலும் அப்பா சிங்கப்பூர்! இப்போது அவள் நான்காம் வகுப்பு.

நேற்று மாலை அவளை அழைத்துவர எங்கள் பழைய வேனில் இருவரும் போயிருந்தோம். பள்ளி வாசலில் மகளின் தோழி ஒருத்தி இவரைக் காட்டி யாரென்று இங்கிலீஷில் கேட்டாள். எங்கள் டிரைவர் என்று இங்கிலீஷிலேயே சொன்னாள் என் மகள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான்... ஐயோ, நான் தலையாட்டினேன்!

அந்த இங்கிலீஷ் அவருக்குப் புரியாதா? இறங்கிவந்து அவளுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டார். ஒருநாளும் அப்படிச் செய்தவரில்லை.

இன்று காலை பள்ளிக்கு முந்தைய தெருமுனையிலேயே வேனை நிறுத்திவிட்டார்.

"இங்கியே எறங்கிக்க பாப்பா. அங்க ஒரே கூட்டமா இருக்கும்."

தெருவில் ஈ காக்கை இல்லை. மகள் இறங்கி ஓடினாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க..." என்றேன்.

"இன்னா?"

தொண்டை வரை வந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.