கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளை அடித்தோம்

எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில் எங்கள் வீட்டுக்கு உள்ளே வெள்ளை அடித்தோம். கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டுதான் அடித்தோம். வீட்டை விற்கப் போகிறோம் என்பது ஊருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கையில் காசு வரப்போகிறது என்று அர்த்தம். காசு வருகிறதென்றால் துப்பாக்கியோடு வந்து படலையைத் தட்டக் கூடியவர்கள் அந்த நாட்களில் பல பேர். யார் யார் என்று கேட்காதீர்கள், நாங்களும் அப்போது கேட்கவில்லை.

விற்பது எனக்காகத்தான். ஜேர்மனியில் இருந்த அண்ணன் என்னை அங்கே அனுப்பிவிடச் சொல்லியிருந்தார். ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குக் கட்ட எங்களிடம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான். அப்பா தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்தவர், எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தபின் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கியவர். கடை நன்றாக ஓடிய காலத்தில் எனக்குச் சீதனமென்று கட்டிய வீடு அது. அதை விற்று என்னை அனுப்பிவிட்டு, அடுத்த ஒழுங்கையில் இருந்த பழைய மண்வீட்டுக்குத் தாங்கள் மாறுவதென்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவர்களை நினைத்து எனக்குக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் போய்விட வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருந்தேன். படலையைத் தாண்டுவதென்றால் அம்மாவைக் கேட்க வேண்டும். தாண்டித்தான் எங்கே போவது? ஆமி இருந்த கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் யாழ்ப்பாணம் போகும் பஸ் நின்றுவிடும். மற்றப் பக்கமெல்லாம் கடல், கடலில் நேவி.

“உள்ளுக்கு ஒருக்கா வெள்ளை அடிச்சு விடுங்கோ. சுவரெல்லாம் விளக்குக் கரி. இப்பிடிக் கிடந்தால் ஆர் வாங்குவினம்?” என்று வீட்டுத் தரகர் சொல்லிவிட்டுப் போனார். பட்டணத்தில் பெயின்ற் வாங்கிப் பஸ்ஸில் கொண்டுவந்தால் ஊரே பார்க்கும். ஆகவே சுண்ணாம்பு. அப்பா பழைய தகர வாளியில் அதை நீற்றி, கொஞ்சம் நீலம் கலந்து தந்தார். நானும் அம்மாவும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அடித்தோம். சாத்திய அறைக்குள் சுண்ணாம்பு கண்ணைக் கரித்தது, கைவிரல் இடுக்கெல்லாம் வெந்து உரிந்தது. எனக்கு அது உறைக்கவேயில்லை. ஒவ்வொரு சுவரும் வெளுக்க வெளுக்க ஜேர்மனி கிட்ட வருவதுபோல் இருந்தது.

கதவைச் சாத்த யோசித்த நாங்கள் கிணற்றை யோசிக்கவில்லை. எங்கள் கிணறு பக்கத்து வளவுக்கும் பொது. அந்த வளவில் இருந்தவரை அம்மா அக்கா என்பார், நான் அக்கா என்பேன், ஊருக்கே அவர் அக்காதான். நான் தண்ணீர் அள்ளப் போனபோது என் முழங்கையில் இருந்த வெள்ளையைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊரில் பொங்கல் முடிந்தபின் ஒரு வீட்டுக்கு வெள்ளை அடிப்பதென்றால் இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று செத்தவீட்டு அந்தியேட்டி, மற்றது கலியாணம். எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை.

“என்ன தங்கச்சி, பிள்ளைக்குக் கலியாணம் முற்றாக்கிப்போட்டியளோ? ஒரு சொல்லுச் சொல்லேல்லை,” என்று அம்மாவிடம் வந்து நின்றார்.

அம்மா என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். “ஓம் அக்கா, ஒரு இடம் பொருந்தி வருகுது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“நான் ஏன் சொல்லுறன்?” என்றார் அக்கா. பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிட்டது.

நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். “வேற என்னத்தைச் சொல்லுறது? வீடு விக்கிறம் எண்டு சொல்லட்டோ?” என்றார். அதற்குப் பிறகு கிணற்றடியில் கண்டவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வெட்கப்பட வேண்டியிருந்தது. எனக்கு அது சரியாக வராது.

வீடு பார்க்க ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார், சவூதியில் உழைத்துத் திரும்பியவர். சுவரைத் தடவிப் பார்த்தார், குசினிக்குள் அடுப்பைப் பார்த்தார், முகத்தில் திருப்தி தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே வந்தார். மாப்பிள்ளை பகுதி என்று நினைத்துவிட்டார்.

“வீடு வடிவாய் இருக்கு என்ன? எல்லாம் பிள்ளைக்குத்தான். இந்தக் கலியாணத்துக்கெண்டே அடிச்சவை,” என்றார்.

வந்தவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப வீடு பிள்ளைக்குப் பேசியாச்சோ, அண்ணை?”

நான் அறைக்கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்காவுக்கு முன்னால் இல்லை என்றால் விற்கிற கதை ஊர் முழுக்கப் பரவும். ஓம் என்றால் நான் போகேலாது. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஓம்,” என்றார் அப்பா.

அவர்கள் தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்தார்கள். அப்பா படலை வரை பின்னால் போய், அது சும்மா ஊருக்குச் சொன்ன கதை என்று மெல்லிய குரலில் விளக்கியிருக்கிறார். வந்தவர் நம்பவில்லை. “ஒரு வீட்டை ரெண்டு பேருக்குக் குடுக்கப் பாக்கிறியளோ, அண்ணை? பிறகு வழக்குக்கு ஆர் ஏறி இறங்கிறது?” என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தாராம். தரகரும் அதோடு எங்கள் பக்கம் வரவில்லை.

அக்காவுக்கு அம்மா சொன்னது, பொருத்தம் சரிவரவில்லை என்று. அவர் உண்மையாகவே அழுதார். அன்றிலிருந்து நான் ஊருக்குக் கலியாணம் குழம்பிய பெட்டை. அக்கா நல்ல மனுசி, சும்மா இருக்கவில்லை. தன் மச்சாளின் மகனை, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவரை, கூட்டிவந்து காட்டினார். “வெள்ளை அடிச்ச வீட்டைச் சும்மா விடக்கூடாது,” என்றார். அப்பாவிடம் வேறு வழி இருக்கவில்லை, என்னிடமும். சொன்ன பொய்யில் மாப்பிள்ளை மட்டும்தான் குறைவாக இருந்தது, அதுவும் வந்துவிட்டது. ஆவணியில் கழுத்தை நீட்டினேன்.

எங்கள் வழக்கப்படி அவர் என் வீட்டுக்குக் குடிவந்தார். நாலாம் சடங்கு முடிந்த பின்னேரம், நாங்கள் இருவரும் முதல்முறையாகத் தனியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தோம். சாதுவான மனிதர். என்னைச் சந்தோசப்படுத்த நினைத்திருக்க வேண்டும்.

“இந்த வீட்டை விட்டிட்டு எங்கையும் போக உமக்கு விருப்பமில்லையாம். உம்மடை அம்மா சொன்னவா,” என்றார். “யோசியாதையும். நான் உம்மை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போக மாட்டன்.”